1942: வங்கக் கடலில் ஜப்பான் கை ஓய்ந்தது எந்தச் சண்டையால்?

காரைக்குடி வாசகர்:
செட்டிநாட்டில் சண்டைக்காலம் என்றாலே பர்மாவும் மலேயாவும்தான். சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15-ல் விழுந்தது, ரங்கூன் மார்ச் 8-ல். ரங்கூன் மொகல் தெருவில் இருந்த செட்டியார் கடைகளுக்கும் ஊருக்கும் இருந்த வரவுசெலவு அதோடு நின்றது. ஏப்ரலில் ஜப்பான் கப்பற்படை வங்கக் கடலுக்கே வந்தது. பிறகு ஏன் அந்தப் பலத்தோடு மறுபடி வரவில்லை? பசிபிக்கில் அமெரிக்காவோடு நடந்த மிட்வே கடற்சண்டை காரணமா, குவாடல்கனால் தீவுச் சண்டையா? ரங்கூனை மீட்க ஏன் அத்தனை காலம்?

தேவகோட்டை:
கப்பல்களின் பெயரைப் பின்தொடருங்கள் ஐயா. ஏப்ரல் 5-ல் கொழும்பையும் 9-ல் திருகோணமலையையும் தாக்கியவை ஜப்பான் தளபதி நகுமோவின் 5 விமானந்தாங்கிக் கப்பல்கள்: அகாகி, ஹிர்யூ, சோர்யூ, ஷோகாகு, சூய்காகு. மட்டக்களப்புக்கு அப்பால் பிரிட்டனின் விமானந்தாங்கி ஹெர்மிஸ் மூழ்கியது. இன்னொரு ஜப்பான் தளபதி ஒசாவாவின் தனிப்படை சரக்குக் கப்பல்களை வேட்டையாடியது. விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது.

மே மாதம் ஆஸ்திரேலியாவுக்கு வடகிழக்கே பவளக் கடல் சண்டையில் ஷோகாகு அடிபட்டது, சூய்காகு விமானிகளைப் பறிகொடுத்தது. இரண்டுமே மிட்வேக்குப் போகவில்லை. போன மற்ற மூன்றும், கூடப் போன காகாவும் ஜூன் 4-ல் அடிவாங்கி மூழ்கின. இங்கே வந்த ஐந்தில் மூன்று இரண்டே மாதத்தில் போயின. என் கணக்கில் மிட்வேதான்.

பள்ளத்தூர்:
மிட்வேயில் ஜப்பான் செய்த தப்பையும் சொல்ல வேண்டும். தரையில் போடும் குண்டைக் கழற்றி டார்பிடோ மாட்டும் வேலை பாதியில் இருந்தது. கழற்றிய குண்டுகள் கிடங்குக்குத் திரும்பாமல், கப்பலுக்குள் விமானம் நிறுத்தும் கொட்டிலிலேயே கிடந்தன, பக்கத்தில் பெட்ரோல் நிரப்பிய விமானங்கள். தாழப் பறந்துவந்த அமெரிக்க டார்பிடோ விமானங்களைத் துரத்திக் காவல் விமானங்கள் இடம்மாறிவிட்டன. காலை 10.20 வாக்கில் டைவ் பாம்பர்கள் உயரத்திலிருந்து பாய்ந்தன. அகாகியின் மேல் நேராக விழுந்தது ஒரே குண்டு. கொட்டிலோ நாலுபுறமும் அடைத்த அமைப்பு. மிச்சத்தைத் தீ பார்த்துக்கொண்டது.

கானாடுகாத்தான்:
கப்பல் போனது மிட்வேயில், சரி. ஆனால் விமானிகளில் பெரும்பாலோர் அங்கே பிழைத்தார்கள். அவர்களைத் தின்றது குவாடல்கனால். ஜப்பானியரின் தளமான ரபவுலிலிருந்து அந்தத் தீவு சுமார் 1000 கி.மீ.; அவர்களின் ஜீரோ போர்விமானம் போய்ச் சேர்ந்தால் சண்டைக்குச் சில நிமிடம்தான், அடிபட்டால் திரும்பி வருவது அரிது. தீவிலிருந்த ஹெண்டர்சன் விமான ஓடுதளம் அமெரிக்கர் கையில் இருந்ததால் பகலில் சரக்குக் கப்பல் நெருங்க முடியாது. இரவில் டெஸ்ட்ராயர் என்ற வேகப் போர்க்கப்பல்கள், தீவிலிருந்த ஜப்பான் படைக்காக அரிசி நிரப்பிய டிரம்களைக் கயிற்றில் கோத்துக் கடலில் தள்ளிவிட்டு ஓடின. பல கரை சேரவேயில்லை. 1943 பிப்ரவரியில் தீவையே விட்டார்கள்.

ரங்கூன் தாமதத்துக்குப் பெரிய காரணம் கரையிறங்கும் படகுகள். ஐரோப்பாவுக்குத்தான் முதலில் போயின. 1945 மே 3-ல் பிரிட்டிஷ் இந்தியப் படை நகருக்குள் நுழைந்தபோது ஜப்பானியர் ஏற்கெனவே காலிசெய்திருந்தார்கள்.