திரும்பி வரும் புத்தகங்களில் பூஞ்சை, வழி சொல்லுங்கள்

மேலூர் பக்கம் எங்கள் கிராமத்தில் ஒரு சின்ன நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரே அறை, ஓட்டுக் கூரை, சுமார் 1,400 புத்தகங்கள். 2020 மார்ச் 25 கொரோனா ஊரடங்கோடு பூட்டியது, செப்டம்பரில்தான் திறந்தோம். யாரையும் உள்ளே உட்கார விடுவதில்லை, வாசலில் மேஜை போட்டுக் கொடுத்து வாங்குகிறோம்.

சிக்கல், திரும்பி வரும் புத்தகங்களில். தொற்று ஒட்டியிருக்குமோ என்று முதலில் சானிடைசர் அடித்துத் துடைத்தோம், அட்டைச் சாயம் இளகி, முத்திரையின் ஊதா மை பக்கம் முழுக்கப் பரவிவிட்டது. வெயிலில் வைத்தால் முதுகுப் பசை விட்டுத் தாள் தாளாகக் கழல்கிறது. அப்புறம் அட்டைப்பெட்டியில் போட்டு மூன்று நாள் தொடாமல் வைத்தோம், ஐப்பசி மழை பிடிக்கும்வரை அது சரியாகத்தான் போனது. இப்போது பெட்டியைத் திறந்தாலே ஈர வாடை, போட்டித் தேர்வுப் புத்தகங்களின் ஓரத்தில் சாம்பல் நிறப் பூஞ்சை. அந்தப் புத்தகங்களைத்தான் பிள்ளைகள் அதிகம் கேட்கிறார்கள், எல்லார் வீட்டிலும் போன் இல்லை, கொடுப்பதை நிறுத்த மனம் வரவில்லை. வேப்பிலையும் அந்துருண்டையும் பூச்சிக்குத்தான், பூஞ்சைக்குக் கேட்கவில்லை. இருப்பது ஒரே மின்விசிறி.

இந்த மழையில் மருந்து எதுவும் தெளிக்காமல், புத்தகங்களை மூன்று நாள் தனியே வைத்தும் பூஞ்சை பிடிக்காமல் காப்பது எப்படி?