ஊர் ஓரத்துக் காட்டுக்குள் யாரெல்லாம் வருகிறார்கள்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சருகுவண்டி (தொடங்கியவர்)

எங்கள் ஊர் ஓரத்துக் காட்டில் ஆறு வருடமாகத் தன்னார்வ வேலை செய்கிறேன். களை பிடுங்குவது, பாதையில் விழுந்த கிளையை இழுத்துப் போடுவது, அறிவிப்புப் பலகைக்கு வண்ணம் அடிப்பது, இப்படி. மாதம் ஒருமுறை காட்டு நடைக்கு எல்லோரையும் அழைப்போம். வருவது எப்போதும் அதே பத்துப் பதினைந்து முகம்தான். காட்டை ஒட்டியே புதிதாகக் குடிவந்த குடும்பங்கள் நிறைய உண்டு, ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. "அவர்களுக்கு இதிலெல்லாம் நாட்டம் இல்லை போல" என்று குழுவில் பேசிக்கொள்வோம். நானும் தலையாட்டியிருக்கிறேன்.

போன மழைக்காலம் முடிந்த சமயம், வாசல் பலகை அருகே ஒரு தாயும் மகளும் நின்றிருந்தார்கள். மகளுக்குப் பத்து வயது இருக்கும். பலகையை எழுத்துக்கூட்டிப் படித்து, அம்மாவுக்கு அவர்கள் மொழியில் சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளே வாருங்கள் என்றேன். "சீட்டு எங்கே வாங்க வேண்டும்?" என்று கேட்டாள் சிறுமி. சீட்டெல்லாம் கிடையாது, யார் வேண்டுமானாலும் வரலாம் என்றேன். இரண்டு வருடமாக அந்த வாசலைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போய் வருகிறார்களாம்.

அவர்கள் போன பிறகு பலகையை முதல் தடவையாக ஒழுங்காகப் படித்தேன். ஒன்பது வரி. நெருப்பு மூட்டக் கூடாது, செடி பறிக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது... ஒன்பதும் "கூடாது". "வரலாம்" என்று ஓரிடத்தில்கூட இல்லை. அதற்கு இரண்டு முறை வண்ணம் அடித்தது நான்தான்.

காட்டுக்குள் அந்நியமாக உணர்ந்தவர்களும் எழுதுங்கள், தெரிந்தோ தெரியாமலோ அடுத்தவரை அப்படி உணர வைத்தவர்களும் எழுதுங்கள்.

மரங்கொத்தி

தலையில் முக்காடு, கழுத்தில் பைனாகுலர். இந்த இரண்டையும் ஒரே ஆளிடம் பார்த்தால் சிலருக்கு என்னவோ ஆகிவிடுகிறது. "இங்கே என்ன பார்க்கிறாய்?" என்று என்னை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒருவர் பின்னாலேயே கொஞ்ச தூரம் வந்தார். அதற்கப்புறம் நாலைந்து மாதம் போகவே இல்லை.

2020 மே 25 அன்று நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். மரங்கள் அடர்ந்த ராம்பிள் பகுதியில் கிறிஸ்டியன் கூப்பர் என்ற கறுப்பினப் பறவை ஆர்வலர், நாயைக் கயிற்றில் கட்டச் சொல்லி ஒரு பெண்ணிடம் கேட்டார். அங்கே விதியே அதுதான். அந்தப் பெண் போலீஸைக் கூப்பிட்டு, ஒரு கறுப்பர் தன்னை மிரட்டுவதாகச் சொன்னார். காணொளியைப் பார்த்து எனக்கு வியர்த்துவிட்டது. ஆனால் ஒரே வாரத்துக்குள் கறுப்பினப் பறவை ஆர்வலர்கள் தங்களுக்கென ஒரு வாரம் அறிவித்து, காட்டில் நிற்கும் படங்களை வரிசையாகப் போட்டார்கள். முன்பின் தெரியாத அவர்களின் படங்களைப் பார்த்துத்தான் நான் பைனாகுலரை மறுபடி எடுத்தேன்.

திரும்பிப் போன முதல் நாள் ஒரு பெரியவர் எதிரே வந்தார். நின்றார். எனக்குத் திக்கென்றது. "இன்றைக்கு ஏதாவது கிடைத்ததா?" என்றார். பறவை பார்ப்பவர்கள் ஒருவரையொருவர் கேட்கிற கேள்வி அது. என்னிடம் அதை அதுவரை யாரும் கேட்டதில்லை.

இருசக்கரம்

நான் சக்கர நாற்காலி. எங்கள் காட்டு வாசலில் சக்கர நாற்காலி படம் போட்ட அழகான பலகை உண்டு. அதை நம்பி உள்ளே போனால் ஐம்பதாவது அடியில் மரப்பட்டைச் சில்லு கொட்டிய பாதை. பார்க்க மெத்தென்று இருக்கும், சக்கரம் புதைந்துவிடும். "கவலைப்படாதீர்கள், நாலு பேர் தூக்கிவிடுகிறோம்" என்றார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் என்னைத் தூக்கிச் சுமந்தால் அது ஊர்வலம், உலா இல்லை.

வேலை செய்கிறவர்களுக்குச் சொல்லிவைக்கிறேன். இடித்து இறுக்கிய கல்தூள் பாதை போதும். அகலம் 1.2 மீட்டராவது வேண்டும். ஏற்றம் 20 மீட்டருக்கு 1 மீட்டரைத் தாண்டினால் கை ஓய்ந்துவிடும். பெஞ்சு போடும்போது பக்கத்தில் ஒரு நாற்காலி நிற்கும் அளவு தரையைச் சமமாக விடுங்கள். இல்லாவிட்டால் வீட்டார் உட்கார்ந்திருக்க, நான் பாதையை மறித்துக்கொண்டு நிற்பேன். பெஞ்சுக்குக் கைப்பிடி இருந்தால் முழங்கால் வலி உள்ளவர்களும் வாழ்த்துவார்கள்.

வால்

எல்லாம் சரி, நாய் வைத்திருப்பவர்களை ஏன் வில்லனாக்குகிறீர்கள்? என் நாய் எல்லோரிடமும் ஓடிப்போய்க் குழையும். இதுவரை ஒருவரையும் கடித்ததில்லை.

மரங்கொத்தி

@வால், உங்கள் நாயைத் திட்டவில்லை. ஓடி வருகிற நாய் குழைய வருகிறதா கடிக்க வருகிறதா என்று உங்களுக்குத் தெரியும், எதிரே நிற்பவருக்குத் தெரியாது. இன்னொன்று, அதன் எச்சில் உடையில் பட்டால் தொழுகைக்கு முன் நான் கழுவியாக வேண்டும். காட்டுக்குள் தண்ணீருக்கு எங்கே போவேன்? கோபத்தில் ஒதுங்கவில்லை, அவ்வளவுதான்.

அந்திமழை

எங்கள் தாத்தாவின் கதை கொஞ்சம் வேறு. போரிலிருந்து தப்பி வந்த குடும்பம் நாங்கள். அவருக்குக் காடு என்றால் ஒளிந்த இடம், கண்ணிவெடி புதைத்த இடம். எனக்கு அது புரியவே வெகுகாலம் ஆனது.

ஒருமுறை வனக் குளியலுக்கு அழைத்துப் போனேன். ஜப்பானில் 1982இல் அந்நாட்டு வனத்துறை பெயர் வைத்துப் பரப்பிய பழக்கம் அது. அவசரமில்லாமல் மரங்களுக்கிடையே மெல்ல நடப்பது, வாசனை பிடிப்பது, கேட்பது. நடத்திய பெண் இதமாகப் பேசினார்: "பாதையை விட்டு இறங்குங்கள், கண்ணை மூடுங்கள், கால் போன போக்கில் போங்கள்." மற்றவர்கள் போனார்கள். தாத்தா பாதை நடுவே நின்றார். கண்ணை மூடவில்லை. அவர் கை நடுங்கியதை நான் பார்த்தேன்.

அந்தப் பெண்ணும் பார்த்துவிட்டார். எதுவும் கேட்கவில்லை. மறுவாரம் எங்களைத் தனியே வரச்சொல்லி, தாத்தாவிடம் ஒரு வெட்டுக்கத்தியைக் கொடுத்தார். பாதையோர மரங்களை ஒரு கொடி சுற்றி நெரித்துக்கொண்டிருந்தது, அதை வெட்ட ஆள் தேவை என்றார். தாத்தா கத்தியின் கூரை விரலால் தடவிப் பார்த்து, "மொட்டை" என்றார். அவரே தீட்டினார். கொடியை அடியில் அறுத்து, மேலே இருப்பதை இழுக்காமல் காயவிட வேண்டும், இழுத்தால் மரப்பட்டை உரியும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார். இத்தனை நாள் இதையெல்லாம் எங்கே வைத்திருந்தாரோ!

இப்போது வாரம் இரண்டு நாள் போகிறார். பாதையை விட்டு இன்னும் இறங்குவதில்லை. இறங்கச் சொல்லி யாரும் வற்புறுத்துவதும் இல்லை.

ஜன்னலோரம்

மருத்துவமனைச் செவிலி நான். ரோஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்ட ஆய்வை எங்களுக்குப் பாடத்தில் சொன்னார்கள். பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் பதிவுகளை ஒப்பிட்டார். ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், வீரியமான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. இந்த இழையைப் படிக்கும்போது தோன்றியது: ஊருக்கே பொதுவான மரத்தைப் பார்க்கவும் சிலருக்கு மட்டும் சுவர்ப் பக்கத்துக் கட்டில்தான் கிடைக்கிறது.

சருகுவண்டி

பலகையை மாற்றிவிட்டோம். மேலே பெரிதாக "வாருங்கள், கட்டணம் இல்லை", அக்கம்பக்கத்தில் பேசும் நாலு மொழியிலும். கீழே பாதையின் நீளம், ஏற்றம் எங்கே, கழிவறை எங்கே. "கூடாது" மூன்றாகச் சுருங்கியது. அதற்கே குழுவில் இரண்டு மணி நேரச் சண்டை.

அதோடு கூட்டம் வந்துவிட்டது என்று எழுத ஆசைதான். நாலு மொழியில் துண்டுச்சீட்டும் அடித்துக் கொடுத்தோம், ஒருவரும் வரவில்லை. அப்புறம் அந்தச் சிறுமியின் அம்மாவிடமே போய்க் கேட்டேன். சிரித்துவிட்டார். நாங்கள் நடை வைக்கிற ஞாயிறு காலையில் அந்தத் தெருவில் பாதிப் பேர் வேலையில் இருப்பார்களாம், மீதிப் பேர் வழிபாட்டில். ஆறு வருடத்தில் இதை ஒரு தடவைகூட விசாரிக்கவில்லை நாங்கள். சனி மாலைக்கு மாற்றினோம். முதல் சனி பதினொரு பேர் வந்தார்கள், அதில் ஏழு பேர் குழந்தைகள். போட்ட சத்தத்தில் ஒரு பறவைகூட மிஞ்சவில்லை. மரங்கொத்தி மன்னிக்க வேண்டும்.

வால்

இரண்டு நாளாக யோசித்தேன். எங்கள் பக்கத்துக் காட்டிலும் சனிக்கிழமை நடை தொடங்குகிறார்கள், போகலாம் என்றிருக்கிறேன். நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போவதா, கயிற்றில் கூட்டிப்போவதா?

மரங்கொத்தி

கூட்டிப்போங்கள். கயிறு மட்டும் குட்டையாக இருக்கட்டும். அதன் பெயர் என்ன?