ஒளி பட்டதும் சமாரியம் அயோடைடு: உங்கள் அனுபவங்கள்

நீலக்குடுவை:
எலக்ட்ரான் தந்து மற்றவற்றை ஒடுக்கும் சமாரியம் டைஅயோடைடு: ஒரே பாட்டிலிலிருந்து எடுத்த கரைசல், டி.ஹெச்.எஃப். என்ற கரைப்பானில் 0.1 மோலார். இரண்டு குடுவையிலும் அதே டோடெக்கைல் குளோரைடு, அதே ஆர்கான், ஒரே தண்ணீர்த் தொட்டி. ஒன்றுக்கு ஃபாயில் சுற்றினேன், மற்றதன்மேல் செனான் விளக்கு. விளக்கு பட்டதில் மைபோல் இருந்த கருநீலம் மெல்லப் பச்சையாகி மஞ்சளானது. ஃபாயிலைப் பிரித்தால் உள்ளே அதே கருநீலம். இருட்டில் அசையாத கார்பன்-குளோரின் பிணைப்பு வெறும் வெளிச்சத்தில் உடைகிறது. இன்னும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்:
நிறத்தை மட்டும் நம்பாதீர்கள் நண்பரே. ஊசி குத்திய ஓட்டை வழியாகத் துளி காற்று புகுந்தாலும் மஞ்சள்தான். எங்கள் ஆய்வகத்தில் வினை முடிந்தது என்று ஒருவர் கொண்டாடினார், கலவையைப் பிரித்துக் காட்டும் ஜி.சி. (வாயு நிறவரைவியல்) கருவியில் தொடக்கப் பொருள் அப்படியே நின்றது. டி.ஹெச்.எஃப்.-ஐ அன்றன்றைக்கு வடித்தெடுங்கள். பாட்டிலில் சமாரியம் தூள் கொஞ்சம் கிடக்கட்டும். ஒவ்வொரு முறையும் அயோடினால் டைட்ரேட் செய்து செறிவைச் சரிபாருங்கள். அப்புறம், நீல எல்.இ.டி. கையில் இருக்கிறதே என்று அதையே வைக்காதீர்கள். இந்தக் கரைசல் 557, 618 நானோமீட்டரில், அதாவது மஞ்சள்பச்சை, ஆரஞ்சு ஒளியில், நன்றாக உறிஞ்சுகிறது. அதனால்தான் நமக்கு நீலமாகத் தெரிகிறது.

நீலக்குடுவை:
ஜி.சி. பார்த்தேன் சார். குளோரின் நீங்கிய டோடெக்கேனின் பீக் தெளிவாக வந்தது. ஃபாயில் குடுவையில் குளோரைடு மட்டும்தான்.

ஊதா:
நான் ஹெச்.எம்.பி.ஏ. காலத்து ஆள். அந்தத் துணைத் திரவத்தைக் கரைசலில் ஊற்றியதும் நீலம் ஊதாவாகும், ஒடுக்கும் வலு ஏறும். ஆனால் எலிகளுக்கு மூக்கில் புற்றுநோய் வரவைத்த திரவம் அது. பாட்டிலைத் திறக்கும்போதெல்லாம் பயம்தான். அந்த வேலையை வெளிச்சம் செய்துவிடுகிறது என்பதே எனக்குப் பெரிய நிம்மதி. அளவுதான் இன்னும் உறுத்துகிறது. ஒரு சமாரியம் ஒரு எலக்ட்ரான்தான் தரும், குளோரைடை ஹைட்ரோகார்பன் ஆக்க இரண்டு வேண்டும். 10 மில்லிமோல் குளோரைடுக்கு 200 மில்லி கரைசல்! 1977-இல் பிரெஞ்சு வேதியியலர் காகனின் குழு இந்த அயோடைடை அறிமுகப்படுத்தியதிலிருந்து இதே கதைதான்.

மீள்சுற்று:
ஊதா சொன்ன அளவுப் பிரச்சினைக்குத்தான் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் பீட்டர்ஸ் குழு 2024-இல் வழி காட்டியது: செலவான சமாரியத்தை மீட்டு மறுபடி பயன்படுத்துவது. ஹான்ச் எஸ்டர் என்ற கரிமச் சேர்மம் எலக்ட்ரான் தர, ஒளியே சமாரியத்தை +3 நிலையிலிருந்து +2 நிலைக்கு இறக்குகிறது. இரிடியம் வினையூக்கியைச் சேர்த்தும் செய்யலாம். கீட்டோன் வினைகளில் ஆக்சிஜனோடு ஒட்டிக்கொண்டு விடாத சமாரியமும் மீள்கிறது. அப்படி ஆக்சிஜனோடு ஒட்டிய ஆல்காக்சைடு கட்டத்தில்தான் என் வினை எப்போதும் நின்றுபோகும். இதை யாராவது செய்து பார்த்திருந்தால் எந்த விளக்கு, எவ்வளவு நேரம் என்று எழுதுங்கள்.