சிடி வராத லேப்டாப்: குடும்ப குரூப்பில் ஒரு ராத்திரி

வித்யா: முரளி மாமா, கவிதா அக்கா, யாராவது சொல்லுங்க. புது லேப்டாப்ல விண்டோஸ் 11 போட்டே வந்திருக்கு. சிடி எதுவும் தரல, போடவும் இடமில்ல. நாளைக்கு விண்டோஸ் போச்சுன்னா என்ன பண்றது?

முரளி மாமா: சிடி வேணாம்மா. ரெண்டு பொருள் தயார் பண்ணணும். மிஷினைக் கிளப்ப ஒரு பென்டிரைவ், விண்டோஸ அப்படியே அள்ளி வைக்க ஒரு வெளி ஹார்ட் டிஸ்க். ஒண்ணு மட்டும் இருந்தா பாதிக் கிணறுதான்.

முரளி மாமா: முதல்ல பென்டிரைவ். குறைஞ்சது 16 ஜிபி, 32 இருந்தா நிம்மதி. ஸ்டார்ட்ல "ரெகவரி டிரைவ்"னு தேடு. சிஸ்டம் ஃபைல்களையும் சேர்க்கவான்னு ஒரு டிக் கேக்கும், அதை எடுத்துடாத. பென்டிரைவ்ல இருக்கிறது எல்லாம் அழியும். ஒரு மணி நேரத்துக்கு மேலயும் ஓடும், நடுவுல பிடுங்காத.

வித்யா: இதுலயே என் சாஃப்ட்வேர் எல்லாம் வந்துடுமா மாமா?

கவிதா அக்கா: வராது. அங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. அதுல இருக்கிறது வெறும் விண்டோஸ். "ரெகவர் ஃப்ரம் எ டிரைவ்" அமுக்கினா உன் ஃபைல், புரோகிராம் எல்லாம் போயிட்டு புது மிஷின் மாதிரி நிக்கும். எல்லாம் அப்படியே திரும்பணும்னா சிஸ்டம் இமேஜ் எடுக்கணும், அதாவது விண்டோஸ், புரோகிராம், ஃபைல் எல்லாத்தையும் சேர்த்து ஒரே நகலா.

கவிதா அக்கா: கண்ட்ரோல் பேனல்ல "பேக்கப் அண்ட் ரிஸ்டோர் (விண்டோஸ் 7)"னு இருக்கும். 7ன்னு போட்டிருக்கேன்னு ஒதுக்காத, 11லயும் அதே பேர்தான். உள்ள போனா இடது பக்கம் "கிரியேட் எ சிஸ்டம் இமேஜ்". வெளி ஹார்ட் டிஸ்க் என்டிஎஃப்எஸ்ஸா (விண்டோஸ் டிஸ்க்ல ஃபைல்களை அடுக்கி வைக்கிற ஃபார்மட்) இருக்கணும். பென்டிரைவ் காட்டினா ஏத்துக்காது.

வித்யா: சி டிரைவ்ல 110 ஜிபி ஓடியிருக்கு. எவ்வளவு இடம் பிடிக்கும்?

கவிதா அக்கா: கிட்டத்தட்ட அதே 110. பெருசா சுருக்காது. டிஸ்க்ல "விண்டோஸ் இமேஜ் பேக்கப்"னு ஒரு ஃபோல்டர் வரும். பேரை மாத்தாத, இன்னொரு ஃபோல்டருக்குள்ள தள்ளாத. டிரைவோட முதல் மட்டத்துல அதே பேர்ல இருந்தாத்தான் ரெகவரி கண்டுபிடிக்கும்.

முரளி மாமா: பாதியில 80780119னு முடியுற எரர் வந்தா டிஸ்க் கெட்டுப்போச்சுன்னு பயப்படாத. வெளி டிஸ்க்ல இடமில்லன்னு அர்த்தமும் இல்ல. லேப்டாப் டிஸ்க்குள்ள மறைஞ்சிருக்கிற ரெகவரி பார்ட்டிஷன்ல (ரெகவரிக்குன்னு தனியா ஒதுக்கின பகுதி) காலி இடம் பத்தல. அது 500 எம்பிக்கு மேல இருந்தா 320 எம்பியாவது காலியா இருக்கணும். 529 எம்பி பார்ட்டிஷன்ல 450 நிரம்பியிருந்தா அங்கேயே நின்னுடும்.

கவிதா அக்கா: அந்த சள்ளைக்குத்தான் நான் குளோன்ஜில்லா சொல்வேன் மாமா, பென்டிரைவ்ல இருந்தே ஓடி டிஸ்க்கை நகல் எடுக்கிற இலவச சாஃப்ட்வேர். விண்டோஸ் இமேஜை மைக்ரோசாஃப்டே 2017லயே கைகழுவிட்டாங்க, பேருக்குத்தான் வச்சிருக்காங்க.

முரளி மாமா: கைகழுவினாலும் வேலை செய்யுதே கவிதா. குளோன்ஜில்லா கறுப்புத் திரையில எந்த டிஸ்க்ல இருந்து எந்த டிஸ்க்குக்குன்னு மாத்தி அமுக்கிட்டா முடிஞ்சுது கதை.

கவிதா அக்கா: அதுவும் சரிதான். வித்யா, அதைத் தொட்டா "சேவ் டிஸ்க்" (டிஸ்க்கை இமேஜா சேமிக்கிறது) மட்டும்தான் எடுக்கணும். முன்னாடி ஷிஃப்ட் கீய அழுத்திக்கிட்டே ஷட் டவுன் கொடு. சும்மா ஷட் டவுன்னா ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிஸ்க்கைப் பாதி திறந்த நிலையில விட்டுடும், அது எடுக்க மாட்டேன்னு சொல்லும்.

வித்யா: செட்டிங்ஸ்ல டிவைஸ் என்கிரிப்ஷன் ஆன்னு இருக்கே?

கவிதா அக்கா: அப்போ குளோன்ஜில்லா வேணாம். பூட்டின டிரைவ்ல எது காலி, எது ஃபைல்னு அதுக்குத் தெரியாது, 512 ஜிபியையும் அப்படியே நகல் எடுக்கும். விண்டோஸ் உள்ள இருந்தே எடு. ஆனா அப்படி எடுத்த இமேஜுக்குப் பூட்டு இருக்காது, டிஸ்க்கை பீரோவுல வை.

முரளி மாமா: இன்னொண்ணு. அந்த என்கிரிப்ஷன் பூட்டுக்குப் பேர் பிட்லாக்கர், அதோட ரெகவரி கீ 48 இலக்கம். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல இருக்கும், இன்னிக்கே பேப்பர்ல எழுதிடு. பயாஸ் (மிஷினைக் கிளப்புற அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட் ஆனாக்கூட சில நேரம் கேக்கும். அது இல்லாம அந்த டிரைவை யாராலயும் திறக்க முடியாது.

பெரியப்பா: என் பழைய விண்டோஸ் 10 டவருக்கும் இதேதானா?

முரளி மாமா: அதேதான் அண்ணே. 2025 அக்டோபர் 14ஓட 10க்கு சப்போர்ட் முடிஞ்சது, இமேஜ் எடுக்கிறதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. ஒண்ணு கவனிங்க: பூட் மெனுவுல ஒரே பென்டிரைவ் ரெண்டு தடவை காட்டும், ஒண்ணு முன்னாடி யூஇஎஃப்ஐன்னு போட்டிருக்கும், அது பயாஸுக்கு அடுத்து வந்த புது முறை. உங்க மிஷின் பழைய பயாஸ் முறையில ஓடுறதுன்னா அந்த வார்த்தை இல்லாததை எடுங்க. மாத்தி எடுத்தா ஃபர்ம்வேர் வேறன்னு சொல்லி இமேஜைப் போட மாட்டேன்னுடும்.

வித்யா: எடுத்தது சரியா இருக்கான்னு எப்படிப் பார்க்கிறது?

கவிதா அக்கா: பென்டிரைவும் ஹார்ட் டிஸ்க்கும் சொருகி, மிஷின் ஆன் ஆகும்போது எஃப்12 தட்டு. ஹெச்பின்னா எஃப்9. டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், சிஸ்டம் இமேஜ் ரெகவரின்னு போ. இமேஜோட தேதியும் நேரமும் தெரிஞ்சா போதும், கேன்சல் கொடுத்து வெளிய வா. "நெக்ஸ்ட்" அமுக்காத.

முரளி மாமா: பின்னாடி எஸ்எஸ்டி மாத்தினா பழைய அளவோ அதுக்கு மேலயோ வாங்கணும். 512ல எடுத்த இமேஜ் 500ல போகாது, 110 ஜிபிதான் இருக்குன்னு வாதாடினாலும் கேக்காது.

வித்யா: லைசென்ஸ் கீ?

முரளி மாமா: மதர்போர்டுக்குள்ளேயே இருக்கு. அதே எடிஷன் (ஹோம்னா ஹோம், ப்ரோன்னா ப்ரோ) போட்டா நெட் வந்ததும் தானா ஆக்டிவேட் ஆகும். வெறும் விண்டோஸ் மட்டும் போதும்னா வேற கம்ப்யூட்டர்ல மைக்ரோசாஃப்டோட மீடியா கிரியேஷன் டூல் இறக்கி 8 ஜிபி பென்டிரைவ்ல போட்டுக்கலாம்.

வித்யா: வீட்ல இருக்கிற 1 டிபி டிஸ்க் எக்ஸ்ஃபேட்னு காட்டுது மாமா. என்டிஎஃப்எஸ்ஸா ஃபார்மட் பண்ணிடவா?

பெரியப்பா: ஏய் நில்லு! அதுலதான் அக்கா கல்யாண வீடியோ இருக்கு.

கவிதா அக்கா: முதல்ல அதை லேப்டாப்புக்கு நகல் எடு, ஓட்டிப் பாரு. ஃபார்மட் பண்ணிட்டு இமேஜ் எடு, அப்புறம் வீடியோவத் திருப்பிப் போடு. வீடியோ லேப்டாப்ல இருக்கும்போதே இமேஜ் எடுத்தா 110 வீங்கிடும்னா டி டிரைவ்ல வை.