அச்சு அசல் ஃபெராரி 330 பி4: ரெப்ளிகாவுக்கு அந்தப் பெயர் தகுமா?

ஸ்லிக் டயர்:
ஃபெராரியின் 1967-ஆம் ஆண்டுப் பந்தயக் காரான 330 பி4-ஐ வரைபடத்தைப் பார்த்து அப்படியே கட்டிய ரெப்ளிகா (நகல்) ஒன்று பழைய கார் பந்தயத்தில் ஓடுகிற வீடியோவை இங்கே பகிர்ந்திருந்தார்கள். கீழே எல்லோரும் "பி4, பி4" என்று கொண்டாடுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. பிரான்ஸின் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் 1966-இல் ஃபோர்டு முதல் மூன்று இடங்களையும் அள்ளியது. அதற்குப் பதிலடியாக 1967 பிப்ரவரியில், ஃபோர்டின் சொந்த நாட்டிலேயே, டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தில் ஃபெராரி மூன்று கார்களை வரிசையாகக் கோட்டைக் கடக்க வைத்தது. முதலில் வந்த காரை ஓட்டியவர்கள் பண்டினியும் ஏமனும். மூன்றே மாதத்தில் மொனாக்கோ விபத்தில் பண்டினி இறந்துபோனார். அவர் கைபட்ட காருக்கு உரிய பெயரை நேற்று வெல்டு வைத்த காருக்கு எப்படிக் கொடுப்பது?

வி12 பித்தன்:
நண்பரே, நீங்கள் சொல்லும் அந்த டேடோனா காரையே எடுத்துக்கொள்வோம். சேசிஸ் (காரின் அடிச்சட்டம்) எண் 0846. அது பிறந்தது 1966-இல், பி4-க்கு முந்தைய மாடலான பி3-ஆக. பிறகுதான் பி4 தரத்துக்கு மாற்றினார்கள். மூன்றாவதாக வந்தது 412 பி என்கிற வேறு ஃபெராரி மாடல். ஆக, உங்கள் மூன்றில் பி4-ஆகவே பிறந்தது இரண்டாவதாக வந்த கார் மட்டும்தான். பந்தயக் கார் என்றாலே அவிழ்ப்பதும் மாட்டுவதும்தான். ஃபெராரிகளை ஓட்டிய பந்தய வீரர் டேவிட் பைப்பர், ஃபெராரியிடமிருந்தே வரைபடமும் பாகங்களும் வாங்கிப் பின்னாளில் சில பி4-களைக் கட்டினார். அவற்றை வெறும் பொம்மை என்பீர்களா?

ஸ்லிக் டயர்:
பொம்மை என்று சொல்லவில்லை. ஆனால் பைப்பரை நீங்களே இழுத்தது நல்லதாகப் போயிற்று. 0846 அதே ஆண்டு லே மான்ஸில் தீப்பிடித்தது. அமெரிக்காவின் ஜேம்ஸ் கிளிக்கன்ஹாஸ் பைப்பரிடம் ஒரு காரை வாங்கி, அதில் இருப்பது 0846-இன் சேசிஸ்தான் என்று வாதிட்டார். ஃபெராரி ஏற்கவில்லை. ரெப்ளிகா எவ்வளவு துல்லியமோ அவ்வளவு குழப்பம் என்பதற்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும்?

பட்டறை மணி:
நான் டிங்கரிங் வேலைக்காரன். கையால் செய்கிறவன் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். அலுமினியத் தகட்டைத் தட்டத் தட்ட இறுகிப்போகும். அதற்கு மேலும் அடித்தால் ஓரத்தில் கீறிவிடும். தகட்டில் சோப்பைத் தேய்த்து, அது கருக்கிற வரைக்கும் அடியில் சூடு காட்டினால் உலோகம் மறுபடி இளகும். சூடு கொஞ்சம் கூடிப்போனால் தகடு தொய்ந்து ஓட்டை விழும், அவ்வளவுதான். பி4-இன் பின் சக்கர வளைவு மாதிரி ஒரு வளைவுக்கு இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். எஞ்சினும் லேசுப்பட்டதல்ல: 3967 சிசி, 12 சிலிண்டர், சிலிண்டருக்கு மூன்று வால்வு, சுமார் 450 குதிரைத்திறன். அப்படி ஒரு எஞ்சினின் ஹெட்டை (வால்வுகள் உட்காரும் மேல்பாகம்) புதிதாக வார்த்துக் கடைகிறவர்கள் இருப்பதால்தான் அந்த வித்தை இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. கண்ணாடிக் கூண்டில் நிற்கிற அசல் யாருக்கும் தொழில் கற்றுத் தராது.

அப்புறம், அசல் காரின் பழைய மெக்னீசிய சக்கரத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும். அதை மாட்டிக்கொண்டு முழு வேகத்தில் போகச் சொல்வது கொலைக்குச் சமம்.

ஸ்லிக் டயர்:
மணி அண்ணே, உங்கள் வேலைக்குத் தலைவணங்குகிறேன். என் சண்டை பெயரோடு மட்டும்தான். ஃபெராரியின் இன்னொரு பந்தயக் கார் 250 ஜிடிஓ; 1962 முதல் 1964 வரை கட்டியது 36 கார். அதன் வடிவம் கலைப் படைப்பு, கண்டவர்களும் நகலெடுக்கக் கூடாது என்று 2019-இல் இத்தாலியின் போலோக்னா நீதிமன்றமே சொன்னது.

வி12 பித்தன்:
அது வடிவத்தின் உரிமை யாருக்கு என்கிற வழக்கு. ஓட்டத்துக்கு அதை வைத்துத் தடை போட முடியாது. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ தருகிற பழைய கார்களுக்கான தொழில்நுட்பப் பாஸ்போர்ட்டும், கார் அந்தக் கால விதிப்படி இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். பூர்வீகத்துக்கு அது சான்றிதழே இல்லை. நான் 12 சிலிண்டர் சத்தத்தைக் கேட்கப் போகிறவன். பெயர்ப் பலகைக்காகப் போவதில்லை.

ஸ்லிக் டயர்:
சரி, ஓடட்டும். ஆனால் கதவைத் திறந்ததும் தெரிகிற இடத்தில் கட்டியவர் பெயரும் ஆண்டும் பொறித்திருக்க வேண்டும். பந்தய நிரலிலும் "ரெப்ளிகா" என்றே அச்சடிக்க வேண்டும்.

பட்டறை மணி:
கட்டியவர் பெயர் போடுவதில் எனக்கு முழுச் சம்மதம். நாங்கள் கேட்பதும் அதைத்தானே!

வி12 பித்தன்:
எனக்குச் சம்மதமில்லை. பைப்பர் கட்டியதற்கும் அவசரத்தில் ஃபைபரில் ஊற்றிய கிட் காருக்கும் (பாகங்களாக வாங்கிப் பூட்டுகிற கார்) நிரலில் ஒரே வார்த்தை என்றால் அது அநியாயம்.