வடக்குத்தெரு வீட்டு குரூப்

ரவி அண்ணன்: ஞாயிறு எங்கப்பாவுக்கு வருஷ தெவசம், எல்லாரும் 9 மணிக்குள்ள வந்துடுங்க. 30ம் தேதி வீடு ரிஜிஸ்ட்ரேஷன், அதனால அன்னைக்கே அவங்கவங்களுக்கு என்ன வேணுமோ எடுத்துக்கங்க. புத்தகத்துக்கெல்லாம் பழைய பேப்பர்காரர்கிட்ட சொல்லியாச்சு

மாலா அத்தை: சாப்பாட்டுக்கு எத்தன பேருப்பா

கார்த்தி அத்தான்: ஊஞ்சல் யாருக்கு

மாலா அத்தை: நீ சும்மா இரு

அப்பா: ரவி புத்தகத்த போடாதப்பா. போன வாரம் மூட்டை கட்டுறப்போ அண்ணனோட புக்கு ஒண்ணு எடுத்துட்டு வந்தேன், தி ஹாபிட்னு பேரு, சின்னப்புள்ளைங்க கதை, டோல்கீன்னு ஆக்ஸ்போர்டு வாத்தியார் எழுதி 1937ல வந்தது. பரீட்சை பேப்பர் திருத்துறப்போ ஒரு பையன் ஒரு பக்கத்த வெறுமனே விட்டுருந்தானாம், அதுல சும்மா ஒரு வரி கிறுக்குனாராம், அதான் கதையோட மொத வரி. அச்சுப்போடறவரு தன்னோட 10 வயசு பையன்கிட்ட குடுத்து படிச்சு பாத்து சொல்லுடான்னு ஒரு ஷில்லிங் கூலி குடுத்துருக்கார், அவன் நல்லாருக்குன்னு எழுதிக்குடுத்தப்புறந்தான் போட்டாங்க. அவன் 10ல படிச்சத நான் 61ல படிக்கறேன்

நான்: அப்பா அத்தை சாப்பாட்டுக்கு ஆள் கணக்கு கேக்குறாங்க

அப்பா: அதுக்குத்தான் வரேன். பில்போன்னு ஒருத்தன், வயசு 50, வேளாவேளைக்கு சாப்புட்டுட்டு வீட்டோட கெடக்கறவன். ஒரு நாள் 13 குள்ளருங்க சொல்லாம கொள்ளாம டீக்கு வந்து நிக்கறாங்க, அதும் ஒண்ணா வரல, ஒருத்தன், அப்பறம் ஒருத்தன், அப்பறம் ரெண்டு பேரு, கடைசி நாலு பேரு வாசல்லயே ஒருத்தர் மேல ஒருத்தர் விழறாங்க. இருந்த பலகாரமெல்லாம் காலி. மறுநாள் அவங்களோட பொதையல் தேடி ஓடறான், கர்சீப் கூட எடுக்காம

மாலா அத்தை: பொள்ளாச்சிக்காரங்க வந்த மாதிரி 😄

பெரியம்மா: எங்க வீட்டாளுங்க எப்பவும் சொல்லிட்டுத்தான் வருவாங்க

மாலா அத்தை: ஐயோ அண்ணி நான் சும்மா சொன்னேன்

கார்த்தி அத்தான்: மாமா இது 3 படமா வந்துருச்சு. 2012, 13, 14

அப்பா: 19 அத்தியாயத்துக்கு 3 படமா. சீரியல்காரன் தோத்தான்

ரவி அண்ணன்: சித்தப்பா வேன் சொல்லவா வேணாமா

அப்பா: இருப்பா. இருட்டு குகைல கொல்லம்னு ஒரு ஜந்து, அதோட விடுகதை போட்டி. பில்போவுக்கு விடுகதை தீந்துபோச்சு, என் பாக்கெட்ல என்ன இருக்குன்னு கேக்கறான், ஜெயிச்சுடறான். அண்ணன் அந்த எடத்துல பென்சில்ல "இது போங்கு"ன்னு எழுதி வச்சிருக்கார்

நான்: பெரியப்பாவா? 😂

அப்பா: ஆமாம்மா, அவரோட கேரம்போர்டு ஆடுனா எனக்கும் அதே வார்த்தைதான். சரி நான் என்ன நெனச்சேன்னா பொதையல காவல் காக்கற டிராகன பில்போதான் கொல்லுவான்னு. கெடையாது. ஏரிக்கரை ஊர்ல எவனோ அம்பு விட்டு கொன்னுடறான். டிராகன் போயிடுச்சு, கதை முடிஞ்சுதுன்னு பாத்தா அப்பதான் ஆரம்பிக்குது, தங்கம் யாருக்குன்னு. ஊர எரிச்சதுக்கு நஷ்டஈடு குடுன்னு ஒரு கூட்டம், கூட காட்டு ராஜா படையோட, தோரின்னு குள்ளர் தலைவன் வாசல்ல கல்ல அடுக்கி அடைச்சுட்டு ஒரு காசு தரமாட்டேன்னு உள்ள உக்காந்துக்கறான். பில்போவுக்கு 14ல ஒரு பங்குன்னு எழுதியே குடுத்துருக்காங்க, அவன் கடைசில ரெண்டு சின்ன பெட்டி போதும்னு வந்துடறான்

மாலா அத்தை: யாரச் சொல்ற

அப்பா: கதை சொல்றேன்க்கா

மாலா அத்தை: கல்ல அடுக்கி யாரு உக்காந்தா. ஊஞ்சல் வேணும்னு நானா கேட்டேன்

கார்த்தி அத்தான்: நான்தான் கேட்டேன்

ரவி அண்ணன்: அத்தை ப்ளீஸ்

அப்பா: இன்னும் முடியல. வீட்டுக்கு வந்தா செத்துட்டான்னு முடிவு பண்ணி சொந்தக்காரங்க முன்னாடியே அவன் சாமானெல்லாம் ஏலம் போயிட்டுருக்கு 😂 அவன் சாமானையே அவன் காசு குடுத்து வாங்கறான். வெள்ளி ஸ்பூன் மட்டும் நெறைய திரும்பவே வரல, சொந்தக்காரங்க மேல அவனுக்கு சந்தேகம்

மாலா அத்தை: செல்வம் போன வருஷமே சொன்னேன் அந்த ஸ்பூன நான் கண்ணால பாக்கல

நான்: அப்பா ஏன்ப்பா

அப்பா: புக்குல இருக்கும்மா, கடைசி அத்தியாயம், ஃபோட்டோ போடவா

பெரியம்மா: ஸ்பூன் 6ல 4 என்கிட்ட இருக்கு

ரவி அண்ணன்: 👍

ரவி அண்ணன்: வேன் 11 மணிக்கு சொல்லிருக்கேன். யாருக்குன்னு அப்பறம் பாத்துக்கலாம்

மாலா அத்தை: 25 பேருக்கு சொல்லிடு. எனக்கு ஒண்ணும் வேணாம், அம்மாவோட அண்டா மட்டும்

பெரியம்மா: செல்வம், பென்சில்ல வேற எங்கயாவது எழுதிருக்காரா

அப்பா: நாலஞ்சு எடத்துல இருக்கு அண்ணி. ஒரு எடத்துல பால் கணக்கு

பெரியம்மா: ஞாயித்துக்கெழம கொண்டா

பெரியம்மா: மத்த புக்குலயும் எழுதிருப்பாரு

ரவி அண்ணன்: அம்மா பேப்பர்காரர் நேத்தே வந்து ரெண்டு மூட்டை எடுத்துட்டு போயிட்டாராம், எதிர் வீட்ல சாவி வாங்கி

அப்பா: எந்த கடை. இப்பவே வண்டிய எடுக்கறேன்

நான்: அப்பா மணி 9 ஆகுது

அப்பா: கடை எங்கன்னு சொல்லு ரவி

கார்த்தி அத்தான்: மாமா கர்சீப் எடுத்துக்கங்க