கான்ஸ்டன்ட் ஸ்கோர் 92, ஆனால் கையை நீட்டப் பயம்

இடதுதோள்:
இடது தோள் நான்கு முறை நழுவி, பாங்கார்ட் ஆபரேஷன் (கிழிந்த தோள்குழி விளிம்பைத் திரும்பப் பொருத்துவது) செய்து ஆறு மாதம் ஆகிறது. போன வாரம் செக்கப்பில் கையைத் தூக்கச் சொன்னார்கள், பலத்தை அளந்தார்கள், ‘தோளுக்கான கான்ஸ்டன்ட் ஸ்கோர் நூற்றுக்கு 92, பிரமாதம்’ என்றார்கள். அன்று மாலையே காரின் முன்சீட்டில் உட்கார்ந்தபடி பின்சீட்டுப் பையை எடுக்கக் கையை நீட்டினேன். பாதியில் அதுவாகவே நின்றுவிட்டது. வலி துளியும் இல்லை. ‘போச்சு, கழன்றுவிடும்’ என்ற பயம்தான். 92 வாங்கியவனுக்கு இது எப்படி?

பிசியோ அக்கா:
தம்பி, உங்கள் தோளைச் சொல்வதற்கு முன் அந்தப் பரீட்சையைப் பாருங்கள். வலிக்கு 15, அன்றாட வேலைக்கு 20, அசைவுக்கு 40, பலத்துக்கு 25. நழுவுமோ என்று அதில் யாருமே கேட்பதில்லை! நழுவும் தோள்காரர்கள் பலர் ஆபரேஷனுக்கு முன்பே இதில் நல்ல மார்க் வாங்கிவிடுவார்கள்.

வோசி (WOSI) படிவம் கேளுங்கள். இந்தக் கோளாறுக்கென்றே 1998இல் கனடாவில் வந்தது. 21 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கோட்டில் நீங்களே குறி போட வேண்டும்: இடது முனை என்றால் தொல்லையே இல்லை, வலது முனை என்றால் மிக மோசம். தோள்மீது விழுந்துவிடுவோமோ என்ற பயத்துக்கும் ஒரு கோடு உண்டு. மொத்தம் 2100. ஆனால் இதில் பூஜ்யம் வாங்குவதுதான் நல்லது, குழம்பிவிடாதீர்கள்.

கோல்கீப்பர்:
எனக்கும் இதே ஆபரேஷன்தான். வோசியில் ஆபரேஷனுக்கு முன் 1430, ஆறாம் மாதம் 810, ஒரு வருடத்தில் 340. அந்த முதல் எண் இல்லாவிட்டால் 810ஐப் பார்த்து அழுதிருப்பேன். தோளுக்கான இன்னொரு மதிப்பெண்ணான ரோவ் ஸ்கோரும் போட்டார்கள். அதில் நூற்றுக்கு ஐம்பது நிலைத்தன்மைக்கே, அதுவரை சரி. ஆனால் மார்க் போடுவது டாக்டர், ராத்திரி புரண்டு படுப்பது நாம். அப்புறம், ஒரு வருடத்தோடு கணக்கை மூடிவிடாதீர்கள். இரண்டு வருடம் கழித்தும் சிலருக்கு நழுவுகிறது.

இடதுதோள்:
முன்னால் யாரும் படிவம் தரவில்லை, அந்த முதல் எண் எனக்குப் போனது போனதுதான். நேற்று நிரப்பினேன்: 760. பலம் பற்றிய கேள்விக்கு இடது ஓரத்திலேயே குறி போட்டேன். பயத்தின் கோட்டில் பேனா வலது முனைக்கே போய்விட்டது. அடுத்த வாரம் டாக்டரிடம் மொத்த எண்ணைச் சொல்லப்போவதில்லை, அந்த ஒரு கோட்டைத்தான் காட்டப்போகிறேன்.